மூன்று சீட்டிலும் ஒரே ஆள்

திருவள்ளூரில் நடந்த அந்தப் பயிற்சிக்கு வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். வலி மாத்திரை போதையாக மாறுவதைத் தடுக்க டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்களாம். புதுவாயலில் பதினான்கு வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறவளுக்கு யார் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்ற திமிர் எனக்கு.

திமிர் என்ன திமிர், பயம்தான். எங்கள் பக்கம் கம்பெனி ஆட்கள் டாக்டர் சீட்டு கொண்டுவர மாட்டார்கள். தீர்ந்துபோன மாத்திரை அட்டையை நீட்டுவார்கள். அதைப் பார்த்து அதே மாத்திரையைக் கொடுத்துவிடுவோம். டிரமடால் என்ற போதை தரும் வலி மாத்திரையையும் நான் அப்படிக் கொடுத்திருக்கிறேன். பயிற்சிக் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன்.

என் மேஜையில் கவரைப்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஒருவரும், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றின் முதலுதவி அறை நர்ஸும் இருந்தார்கள். பயிற்சி தந்த டாக்டரம்மா ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, நம்மைக் கவலைப்பட வைக்கும் நோயாளி ஒருவரைப் பற்றிப் பெயரில்லாமல் எழுதச் சொன்னார். எழுதி மேஜைமேல் வைத்தோம். மூன்றிலும் இடுப்பு வலி, டிரமடால், இடது கையில் இரண்டு விரல் இல்லாத கிரேன் ஆபரேட்டர்.

"நான் எழுதித் தர்றது மட்டுந்தான் சாப்பிடுறார்னு நினைச்சேன்" என்றார் டாக்டர். "லெட்டர் வந்ததும் அதையும் நிறுத்திட்டேன்."

"நானும் மருந்து அலமாரியப் பூட்டிட்டேன் சார்" என்றாள் நர்ஸ்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும்தான் என்று தலையாட்டினேன். ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று பேரும் கொடுத்து, ஒரே வாரத்தில் மூன்று பேரும் கைவிரித்திருந்தோம்.

டாக்டரம்மா முகம் மாறியது. "திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. கண்டதையும் வாங்கி முழுங்கினா மூச்சே நின்னுடும். முதல்ல போன் போடுங்க."

நம்பர் என்னிடம் இருந்தது. அவர் மனைவிதான் எடுத்தாள். "நாலு நாளா வாந்தி, நடுக்கம், ஒரே பேஜாருக்கா. காத்தால யாரோ இன்னாவோ மாத்திர குடுத்தாங்களாம். இப்பதான் அசந்து தூங்கினு இருக்காரு."

"எழுப்பும்மா, உடனே எழுப்பு" என்று கத்தினேன். டாக்டரம்மா இன்னொரு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஸ்பீக்கரில் அவள் அவரைக் கூப்பிடுவது கேட்டது. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை அவள் குரல் உடைந்துவிட்டது. அட்டையை வாங்கி வாங்கி மாத்திரை எடுத்துக் கொடுத்த என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் குழறலாக ஒரு குரல். "யாரு, மெடிக்கல் அக்காவா? மாத்திர வந்துட்ச்சா?"

"தூங்காத, உக்காந்துகினே இரு. ஆம்புலன்ஸ் வருது. டாக்டர், உங்க கம்பெனி நர்ஸம்மா, நான், மூணு பேரும் வரோம்."

அவர் பயந்துபோய்ச் சொன்னார். "உங்க கடைல வாங்கறத நான் அவங்க யாராண்டயும் சொல்லலியேக்கா."