தானாக ஏறிய பெட்ரோல் முள்

கோவளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் எங்கள் பழைய கார் நின்றுவிட்டது. பெட்ரோல் முள் பாதியைக் காட்டியது. டாங்க் காலி. நல்ல மழை. மனைவியும் பட்டுப்புடவையில் இருந்த மாமியாரும் ஒரு சாயாக்கடைத் தார்ப்பாயின் கீழ் ஒதுங்கி நிற்க, நான் ஆட்டோ பிடித்துப் போய் கேனில் பெட்ரோல் வாங்கி வந்தேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தியில் பாயசம் வந்திருந்தது.

மறுநாளே மெக்கானிக்கிடம் விட்டேன். நாகர்கோவில்காரர். டாங்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்கி முள்ளை நகர்த்தும் மிதவை சிக்கிக்கொண்டதாகச் சொல்லிப் புதிது போட்டார். முள் ஒழுங்காக இறங்க ஆரம்பித்தது. எனக்கும் நிம்மதி.

சில நாள்தான். ஒரு காலை, முந்தின நாள் கால் டாங்கில் விட்ட முள் பாதிக்கு ஏறியிருந்தது. நான் பெட்ரோல் போடவில்லை. வண்டி சரிவில் நிற்பதால் இருக்கும் என்று சமதரையில் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு நாள் இறங்கியது, பிறகு மறுபடியும் ஏறியது. காரணம் வெயிலோ, ஈரமோ, என் கண்ணோ, ஒன்றும் பிடிபடவில்லை.

திரும்ப மெக்கானிக்கிடம் போனேன். அவர் பின்சீட்டைத் தூக்கி மிதவையை வெளியே எடுத்து, கையால் மேலும் கீழும் அசைத்தார். நான் முன்னால் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக் கத்தினேன்.

"பாதி! இப்ப முழுசு!"

"சரியாத்தான காட்டுது சாரே. பெட்ரோலு தானா ஊறாதுல்லா?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்.

"நான்தான் போட்டேன். அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிண்டு போறச்சேயெல்லாம் பம்புல கொஞ்சம் போட்டுண்டு வந்தேன். மறுபடியும் மழைல நிக்க என்னால முடியாது."

கல்யாணமான நாளிலிருந்து பெட்ரோல் போடுவது என் வேலை. அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"சொல்லியிருக்கப்படாதோ?"

"சொன்னா, முள்ளுதான் சரியாயிடுத்தே, எதுக்குன்னு கேப்பேள்."

கேட்டிருப்பேன். சிரித்துவிட்டேன். உடனே ஒன்று நினைவுக்கு வந்தது.

"சரி, போன ஞாயித்துக்கிழமையும் ஏறித்தே?"

"ஞாயித்துக்கிழமையா? முந்தின நாள்கூட நான் வண்டியை எடுக்கலையே!"

இருவரும் வாசலுக்குப் போய், காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினோம். முள் மெதுவாக எழுந்து ஓரிடத்தில் நின்றது. பாதிக்கு மேல் என்றேன் நான். கீழே என்றாள் அவள். உள்ளேயிருந்து மாமியார், "எங்கே கிளம்பறேள் ரெண்டு பேரும்?" என்று கேட்டார்.

"பம்புக்கு," என்றாள் மனைவி.