புரட்டாசியில் கலக்கிய ஜின்

அக்கா மகன் வீட்டிலிருந்து கிளம்பி சென்ட்ரல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன். கிள்ளான் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரயில் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது. ஒருவர் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து ஏதாவது செய்யத் தொடங்கினால் எனக்கு ஒரு ரயில் ஞாபகம் வந்துவிடும்.

அவன் கைப்பேசியைப் பார்த்து ஜின்னும் எலுமிச்சையும் கலக்கிக்கொண்டிருந்தான். குலுக்க ஓர் எஃகுக் குடுவை, அளக்க ஒரு சின்னக் கிண்ணம், வடிகட்டத் தனியாக ஒன்று. எனக்குப் பழம் பிழிகிற வேலை. கலக்கிக் கொடுத்ததைக் குடித்தேன்.

"எப்டி மாமா?"

"உப்பு இல்ல."

அவன் சிரித்தான். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

விரலில் இன்னும் எலுமிச்சை வாசனை இருக்கிறது. இதோ, இந்த பிரிக்பீல்ட்ஸ் மூலையில், இப்போது கார்கள் அடுக்கி நிற்கும் கட்டடம் இருக்கும் இடத்தில்தான் அக்காவின் பழைய பிளாட் இருந்தது. ஒரு அறை, ஒரு ஹால். ஹாலில் சன்னலுக்குக் கீழே என் பாய். நான் இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். எந்த வேலையிலும் செருப்பு தேயும் வரை இருந்ததில்லை. அந்தச் சமயம் எந்த வேலையிலும் இல்லை.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். முட்டி போய்விட்டது. லோரியில் ஏற முடியவில்லை. வேறு வேலை கிடைக்காவிட்டால் பிளாட்டைக் காலி செய்துவிட்டு கேரி தீவில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் சமையலறையில் படுத்துக்கொண்டிருந்தது. என்னையும் சேர்த்து யாரும் கணக்குப் போடவில்லை.

அப்போதுதான் ஒரு ஹோட்டல் பாரில் ஆள் தேவை என்று தெரிந்தது. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஜின், எலுமிச்சை, சீனிப்பாகு சேர்ந்த ஒரு பானம். அதை ஒழுங்காகக் கலக்கிக் காட்டுகிறவனுக்கு வேலை, மற்றதை உள்ளே கற்றுக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பாருக்குப் பின்னால் நிற்பதற்கு முட்டியை மடக்க வேண்டியதில்லை. மச்சான் ஒரு பாட்டில் ஜின் வாங்கி வந்தார்.

வந்த மாதம் புரட்டாசி.

மலேசியாவில் புரட்டாசி என்றால் பாசாரில் மீன்காரர் முகம் வாடிவிடும். அக்கா வீட்டில் அதற்கும் ஒரு படி மேல். மச்சானின் முட்டி சரியாக வேண்டும் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். மாதம் முழுக்க இறைச்சி இல்லை, அவள் கையால் சாப்பிடுகிறவன் வாயில் ஒரு சொட்டு மது படக்கூடாது. பாட்டிலைக் கண்டதும் அவள் சத்தம் போடவில்லை. வாசற்படியைக் காட்டினாள். அதற்கு வெளியே வீடு இல்லை, எனவே அங்கே என்ன நடந்தாலும் வீட்டில் நடந்தது ஆகாது என்று சட்டம் சொன்னாள்.

ஆகவே மாடிப்படியில் கலக்கினோம். பால்மாவு டின்தான் குடுவை. ஜின், அதில் பாதி எலுமிச்சைச் சாறு, அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சீனிப்பாகு, டின் நிறைய ஐஸ். மூடியை அழுத்திப் பிடித்து, உள்ளங்கை வலிக்கும் அளவுக்கு டின் குளிரும் வரை குலுக்க வேண்டும். தேயிலை வடிகட்டியில் வடிக்க வேண்டும். மச்சான் நன்றாகக் குலுக்கினார். அத்தனை வருடம் கியர் போட்ட கை.

ஆனால் கலக்கியதை யார் குடிப்பது? மச்சானால் முடியாது. நானும் அக்கா சோற்றில் இருந்தேன். மோந்து பார்த்தோம். மோந்து பார்த்ததில் எல்லாமே ஒன்றுபோல இருந்தது. கடைசியில் மேல்மாடியில் இருந்த ஆ செங் அங்கிளைக் கூப்பிட்டோம். மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர். பிரிக்பீல்ட்ஸிலேயே வளர்ந்ததால் தமிழ் பேசுவார்.

அவர் படியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "நல்லா இருக்கு லா. அசாம்போய் போடு, இன்னும் நல்லா வரும்."

அசாம்போய் என்பது உப்பில் ஊறிக் காய்ந்த பிளம் பழம். இங்கே கடைகளில் எலுமிச்சை ஜூஸில் ஒன்று மிதக்கும். போட்டோம். அடுத்த மாலை இரண்டு போடச் சொன்னார். அதற்கடுத்த மாலை சீனிப்பாகைக் குறைக்கச் சொன்னார். அவர் முகம் நாளுக்கு நாள் மலர்ந்தது. எங்களிடம் இருந்த ஒரே நாக்கு அவருடையதுதான். அந்த முகத்தைப் பார்த்தே நாங்கள் தேறிக்கொண்டிருந்தோம்.

ஹோட்டலுக்கு நானும் போனேன். பஸ்ஸில் ஏறி இறங்க மச்சானுக்கு ஒரு தோள் தேவைப்பட்டது. மேனேஜர் பினாங்குத் தமிழர், மீசையை ஒழுங்காக வைத்திருப்பவர். மச்சான் கலக்கிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க போட்டீங்க?"

"ஜின், எலுமிச்ச, சீனி. ரெண்டு அசாம்போய் பாஸ்."

"நீங்க இதக் குடிச்சுப் பாத்தீங்களா?"

"புரட்டாசி பாஸ்."

மேனேஜர் தானே ஒன்று கலக்கி, மச்சான் முன்னால் வைத்தார். "எனக்கும் புரட்டாசி இருக்கு. ஆனா ருசி பாக்காதவன பாருக்குப் பின்னால நிக்க வெக்க முடியாது. இதுதான் ருசி. பாத்துட்டு இதே மாதிரி ஒண்ணு போடுங்க, இல்ல பஸ்ஸப் புடிங்க."

மச்சான் கிளாஸைப் பார்த்தார். பிறகு தன் முட்டியைப் பார்த்தார். முட்டிக்காகத்தான் விரதம், முட்டிக்காகத்தான் இந்த வேலையும். கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அடுத்து அவர் கலக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திங்கட்கிழமை மாலை வரச் சொன்னார்கள்.

அக்கா மச்சானைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"குடிச்சாரா?"

"வேல கெடச்சிருச்சுக்கா."

"நான் அதக் கேக்கல."

நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அது போதுமானதாக இருந்தது. அன்று மாலை வாசற்படிக்கு வெளியே இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்று மச்சானுக்கு. இன்னொன்று, கூடப் போனவனுக்கு. சாதம், சாம்பார், பாகற்காய், அப்பளம் என்று எதிலும் குறை வைக்கவில்லை. மோர் கேட்டபோது கையை மட்டும் வெளியே நீட்டி ஊற்றினாள். உள்ளே போய் விளக்கேற்றி, விரதத்தை முதலிலிருந்து தொடங்கினாள், இந்த முறை தனக்கு மட்டும்.

ஆ செங் அங்கிள் படியிறங்கி வந்தவர் நின்று பார்த்தார். "ஏன் வெளிய சாப்புடுது? உள்ள பெயிண்ட் அடிக்குதா?"

"ஆமா அங்கிள்," என்றார் மச்சான். "காய இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."

அங்கிள் தள்ளி உட்காரச் சொல்லி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்பளத்தில் பாதி அவருக்குப் போனது. பிற்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டறையும் இல்லை. மாடிப்படி இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்தச் சீட்டு தரும் இயந்திரம் நிற்கிறது.

பாரில் இரவு வேலை பார்ப்பவர் பகலில் தூங்க வேண்டும். பகலெல்லாம் ஹாலில் சும்மா இருக்கிற மைத்துனனுக்கு இனி அங்கே இடமில்லை. யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. மறுநாள் காலை ரயிலேறி ரவாங் போனேன். பிளாஸ்டிக் பேசின் செய்யும் தொழிற்சாலை, படுக்க இடம் உண்டு. அச்சிலிருந்து சூடாக வரும் பேசின்களை எடுத்து ஓரம் சீவி அடுக்குவது வேலை. மதியம் மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு மாலைப் பழக்கத்தில் வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்து, உள்ளே மேசை இருக்கிறது, அங்கே சாப்பிடலாம் என்றார். இங்கேயே இருக்கட்டும் என்றேன்.