மூன்றாவது டப்பாவின் திராட்சைக் குச்சி

முதலில் வெறும் இருமல்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையில் நிற்கும்போது கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று) என்றார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டு வயது மகள் தேன்மொழியை அன்றைக்கே மூங்கில்துறைப்பட்டில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். பஸ் ஜன்னலில் அவள் கையாட்டிக்கொண்டே போனாள்.

தினமும் ஊசி, கூடவே மாத்திரை. "ஒன்றரை வருஷம் விடாம எடுக்கணும். முழுசா குணமானப்புறம் கொழந்தையக் கூட்டிக்கலாம்" என்றார் டாக்டர்.

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிய என் கணவர், அங்கே ஒரு வீட்டில் கவாத்து (கிளை வெட்டுதல்) செய்து எறிந்த பன்னீர்த் திராட்சைக் குச்சிகள் மூன்றைக் கொண்டுவந்தார்.

"சும்மா மோட்டுவளையப் பாத்துக்கினு கெடக்காத. இத வளத்துக் காட்டு. பாப்பா வந்து துன்னட்டும்."

பால் பவுடர் டப்பாக்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மணலும் எருவும் கலந்து, இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டேன். மூன்றாம் வாரம் இரண்டு குச்சிகள் துளிர்த்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது மொட்டையாகவே நின்றது. செத்துவிட்டதென்று துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

அதே நாட்களில் என் இருமலும் நின்றது. பசியெடுத்தது.

அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு வாரம் பஸ் இல்லை. ஊசி நின்றது, மாத்திரையும் தீர்ந்தது. பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் நான் போகவில்லை.

"இன்னா, ஆஸ்பத்திரிக்குப் போவல?"

"நல்லாத்தாங்க இருக்கேன். ஊசி போட்டுப் போட்டு ஒடம்பெல்லாம் கட்டியா இருக்கு."

அவரும் நம்பினார். எங்கள் இருவருக்குமே அதை நம்பத்தான் ஆசை.

ஒரு மாதத்தில் தளிர்கள் வாடின. டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு குச்சிகளிலும் ஒரு வேர்கூட இல்லை. தமக்குள் மிச்சமிருந்த சத்தில்தான் இலை விட்டிருக்கின்றன. அந்த வாரமே எனக்கு மறுபடியும் இரத்தம் வந்தது.

"ஏம்மா நிறுத்தின?" என்றார் டாக்டர்.

"இருமல் நின்னுபோச்சுங்க."

"இருமல்தான் நின்னுது. கிருமி உள்ளயே இருந்துது. மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

மகள் வருவது இன்னும் ஒன்றரை வருஷம் தள்ளிப்போயிற்று. திரும்பும் பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மூன்றாவதையும் எறிந்துவிடலாமென்று டப்பாவைத் தூக்கினேன். அடி ஓட்டையில் வெள்ளையாக வேர் எட்டிப்பார்த்தது. மேலே அப்போதும் ஒரு இலை இல்லை.

இந்த நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நன்றாகிவிட்டதுபோல் தோன்றும் மாதத்தில்தான் மாத்திரையை விடவே கூடாது.

தேன்மொழி திரும்பியபோது அவளுக்கு நாலு வயது. அந்த மூன்றாவது குச்சி கொடியாகிப் பந்தலேறிக் காய்த்திருந்தது. அவ்வப்போது போய்ப் பார்த்துவந்த அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "இது யாருப்பா?" என்றாள். கொத்திலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி நீட்டினேன். அதைத் தின்ற பிறகுதான் மடிக்கு வந்தாள். குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தும், மூச்சு படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அணைத்தேன்.

இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். நான் காலத்தை வருடங்களால் எண்ணுவதில்லை, எத்தனை கவாத்து ஆயிற்று என்றுதான் எண்ணுகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "இன்னும் ஏம்மா மூஞ்சியத் திருப்பிக்கிற?" என்கிறாள்.

நோய் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. என் கழுத்துக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.