துபாய் மணிக்கு நல்லம்பள்ளியில் காதுகுத்து

எரியும் கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இனி வரும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாவிட்டாலும் படியுங்கள். வெளிநாட்டில் லேப்டாப்பும் கையுமாகத் திரிகிறவர்கள், ஊர் விசேஷத்துக்குக் கிளம்பும் முன் கட்டாயம் படியுங்கள்.

வேலை துபாய்க் கம்பெனிக்கு. வாசம் உலகம் முழுக்க. பாலித்தீவில் நான் இருந்தபோது எரிமலையே என் மீட்டிங் முடியும்வரை புகையை அடக்கிக்கொண்டது. நாடு எதுவானாலும் போன், கைக்கடிகாரம், லேப்டாப் மூன்றையும் துபாய் நேரத்திலேயே பூட்டி வைத்திருப்பேன். மீட்டிங் தவறக்கூடாதே.

என் தங்கை மலரின் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் நான் வீடியோவில்தான் வந்தேன். அவள் மகள் யாழினிக்கு மூன்று வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? “நீங்க வர்ற தேதியச் சொல்லுங்கண்ணா, அதுக்குத் தக்கன நாள் பாக்கறேன். இந்த ஒருக்கா மட்டும் போன்ல வராதீங்க” என்றாள். போன மாதம் தேதி சொன்னேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

ஜார்ஜியாவிலிருந்து ஷார்ஜா வழியாக விடிவதற்குள் கோவையில் இறங்கி, பஸ்ஸில் சேலம். அங்கிருந்து தர்மபுரி பஸ். தொப்பூர் வந்தபோது என் கடிகாரத்தில் ஏழரை. ஏழரைக்கே வெயில் இந்தக் காய்ச்சல் காய்கிறதே, எங்கள் மாவட்டத்து வெயில் என்றால் சும்மாவா என்று பெருமைப்பட்டேன். நல்லம்பள்ளிக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. எட்டு மணி மீட்டிங்கை முடித்துவிட்டே போகலாம், கணவாய் ஏறினால் சிக்னல் போகும் என்று இறங்கி, ரோட்டோர ஓட்டலில் உட்கார்ந்தேன். போனை சைலண்டில் போட்டேன். நடுவில் நான் கை கழுவப் போனபோது ஒரு குரங்கு என் நாற்காலியில் அமர்ந்து மீட்டிங்கை நடத்தியது. மேனேஜர் அதற்குச் சம்பள உயர்வு அறிவித்துவிட்டார்.

முடிந்து ஆட்டோ பிடித்தேன். முந்நூறு ரூபாய் பேச்சு.

“ஒம்போது மணிக்குள்ள போயிரலாமுங்களா? காதுகுத்து.”

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “இப்பவே பத்தேகாலுங்க சார்.”

“என் வாட்ச்சில எட்டேமுக்கால்ங்க.”

“அது எந்தூரு மணிங்க?”

“துபாய்.”

“அப்ப துபாய்லயே குத்தியிருக்கோணும்ங்க” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “கெட்டியாப் புடிச்சுக்கோங்க” என்று முறுக்கினார். ஆனால் கணவாயில் லாரி ஒன்று நின்றுவிட்டிருந்தது. அதன் பின்னால் நின்ற வரிசையின் வால் கன்னியாகுமரியில் கடலில் நனைந்துகொண்டிருந்தது.

வீட்டை அடையும்போது பதினொன்று. பந்தலில் இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மலர் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

“எத்தன தடவ கூப்புட்டேன். நேரம் முடியுதுன்னு பெரியப்பா மவன் மடியில உக்கார வெச்சுட்டோம். சாப்புடுங்கண்ணா” என்று இலை போட்டாள். சண்டை போட்டிருக்கலாம்.

சரி, போகிறவர்களுக்கு: சேலத்தில் ஏறும்போதே நல்லம்பள்ளியில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேளுங்கள்; எல்லா பஸ்ஸும் நிற்காது. தொப்பூர்க் கணவாய்க்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். விமானம் இறங்கியதும் முதலில் கடிகாரத்தையும் நம்மூர் நேரத்தில் இறக்குங்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று சொல்லித் திரிந்த எனக்கு, வேலை செய்யாமல் ஒரு காலைப்பொழுது ஓரிடத்தில் இருக்கத் தெரியவில்லை. துபாய் மேனேஜர் அந்த மீட்டிங்கை மறந்தே போயிருப்பார்.

எரிமலை பொய். குரங்கு பொய். கன்னியாகுமரி வரைக்கும் வரிசை என்பதும் பொய்தான். ஒரு சின்ன விஷயம் மட்டும் நடந்தது. காதில் மஞ்சள் தடவிய யாழினியிடம் மலர் என்னைக் காட்டி, “மாமாடா, மடியில உக்காரு” என்றாள். குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, அம்மாவின் போனை எடுத்து வந்து, “மாமா இதுலதான் இருக்காரு” என்று என்னிடமே நீட்டினாள்.