கழுவிக் கொண்டுவந்த பாட்டில்கள்

அந்தத் திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இழுத்துக்கொண்டு வந்த சாக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. சாக்கு நிறையக் காலிப் பாட்டில்கள். ஒட்டியிருந்த தாளைக்கூட நகத்தால் சுரண்டிப் பளிச்சென்று கழுவியிருந்தாள். "எல்லாரோடதையும் விட என்னோடதுதேன் சுத்தம், டீச்சர்" என்றாள். சாக்கைப் பிரித்ததும் மூக்கில் ஏறியது நெடி. திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் நாளில் ஊர் முழுக்க வீசுமே, அதே நெடி.

கம்பம் பக்கத்தில் இரண்டே ஆசிரியைகள் இருந்த தொடக்கப் பள்ளி அது. தலைமை ஆசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்றது. நான் சின்ன டீச்சர். பள்ளிக்குப் பின்னால் மிட்டாய்த் தாளும் பால் கவரும் எரிகிற புகையைப் பொறுக்காமல் பெரிய டீச்சர்தான் குப்பையைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கினார். சத்துணவு மிச்சம் முருங்கைக்கு உரமாயிற்று. எழுதிய தாளின் பின்பக்கம் கணக்குப் போட உதவிற்று. "எரிக்கிறதுக்கு முன்னால, இது எதுக்காச்சும் ஆகுமான்னு பாருங்கடா" என்று பிரேயரில் தினமும் சொல்லுவார். பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் வண்டிக்காரரிடம் கொடுத்துவந்தோம். ஒருநாள் அவர், அழுக்குப் பாட்டில் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போனார். பெரிய டீச்சர் அன்று கூட்டத்துக்காகத் தேனி போயிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வீட்டுல, தோட்டத்துல எது கெடந்தாலும் நல்லாக் கழுவிக் கொண்டாங்க. ஆரோடது சுத்தமோ அவுகளுக்குப் பரிசு" என்று அறிவித்துவிட்டேன். திராட்சை விளைகிற ஊரில் தோட்டத்தில் வேறென்ன பாட்டில் கிடக்கும்? பாவி, அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அந்தச் சிறுமி சோற்றுத் தட்டின் முன்னாலேயே வாந்தியெடுத்துச் சாய்ந்தாள். வாயெல்லாம் நுரை. காலையில் வாய்க்காலில் உட்கார்ந்து கழுவியவள், உள்ளே தண்ணீர் தங்கக்கூடாது என்று ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதியிருக்கிறாள். பெரிய டீச்சர் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். உயிர் பிழைத்தாள். வலது கையில் மட்டும் வலு திரும்பவே இல்லை.

மறுநாள் ஊரே பள்ளி வாசலில் நின்றது. "எம்புள்ளயக் கழுவச் சொன்னது எந்த டீச்சரு?" என்று தாய் மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள். பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பவேயில்லை. "நாந்தேன் ஆத்தா. இங்கன என்ன நடந்தாலும் நாந்தேன் பொறுப்பு." அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வேலை போய்விடுமே என்ற பயம், வாய் திறக்கவில்லை. சன்னலில் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை.

பெரிய டீச்சரை மயிலாடும்பாறைப் பக்கம் மாற்றினார்கள். குப்பையைப் பிரித்துப் போட வைத்திருந்த தொட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அவர் உயிரோடு இருந்தவரை ஒரு மன்னிப்புக்குக்கூட நான் போகவில்லை. போன வருடம் இறந்துவிட்டார். இப்போது நான்தான் பெரிய டீச்சர். சாயங்காலமானால் பள்ளிக்குப் பின்னால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எரிக்கிறோம். கேட்க ஆளில்லை.

இந்த ஜூன் மாதம், அன்று சாக்கை இழுத்துக்கொண்டு வந்த அதே பெண் தன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். எழுந்தவள் சற்று நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு, டீச்சர். இவளை எதையும் கழுவிக் கொண்டாரச் சொல்லிராதீக."

அவள் குரலில் கோபமே இல்லை. "சொல்ல மாட்டேன் ஆத்தா" என்றேன்.