பாதாம் மாவு ரொட்டியை மறுத்தவர்

ஆரணியில் ஒரு பேக்கரியில் நான் அடுப்பு வேலை பார்த்தபோது, ரொட்டி வெந்து வெளியே வரும் நேரத்துக்குத் தினமும் ஒரு நெசவாளர் வருவார். சர்க்கரை நோய்க்கு இடது காலில் இரண்டு விரல்களைக் கொடுத்தவர். அவித்த முட்டை இரண்டை வாங்கி, அடுப்பைப் பார்த்தபடி நின்றே தின்பார்.

ஒருநாள் முதலாளி அவரிடம் பாதாம் மாவு ரொட்டியை நீட்டினார். "இதுல மாவுச்சத்து கம்மி. பயப்படாம துன்னுங்க."

"இத்த துன்னா நாக்கு நாளைக்கு நெஜ ரொட்டிய கேக்கும். தறி மிதிக்க மிச்ச வெரலு வேணும் எனக்கு. எடுத்துகினு போங்க."

"அப்ப எதுக்கு அடுப்பாண்டயே வந்து நிக்கிறீங்க?"

"ஓடி ஒளியறதுக்கு நான் என்னா திருடனா?"

மறுநாளும் நான் அடுப்பைத் திறந்தபோது, முட்டையை மென்றபடி எதிரிலேயே நின்றார். வாயில் பன்னோடு இருந்த நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.