கண்ணுச்சாமி பெரியப்பாவின் பூ லாரி

மெக்கானிக் நஜீம் பழங்காநத்தத்துப் பட்டறையைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கிளம்பியது தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை. சாமான் ஏற்றிய ஆட்டோ முக்குத் திரும்பும்வரை எதிர் டீக்கடையில் நின்று பார்த்துவிட்டு, "தப்புப் பண்ணாதவன் எதுக்குய்யா ஊரைவிட்டுப் போறான்?" என்றார் கண்ணுச்சாமி பெரியப்பா.

அவர் என் அப்பாவின் அண்ணன், விளாங்குடிக்காரர். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் லாரியில், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகையை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டுவருவது அவர் தொழில். மொட்டு விரிவதற்குள் வந்து சேர வேண்டும். பிந்தினால் தோட்டக்காரர்கள் வேறு வண்டி பார்த்துவிடுவார்கள்.

யாரையும் நம்ப மாட்டார். எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது முதலில் கேட்டதே, "ஏத்தா, போலீசு கீலீசு தேடுதா?" என்றுதான். வண்டியைப் பட்டறையில் விடுமுன் எஞ்சினின் நட்டுகளில் தங்கப்பொண்ணு பெரியம்மாவின் நகப்பூச்சால் பொட்டு வைப்பார். பொட்டு உடைந்திருந்தால் எவனோ கை வைத்திருக்கிறான்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டர் ஓயாமல் வழிந்தது. பூவில் பெட்ரோல் வாடை என்று சந்தையில் மூட்டைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகே நஜீமிடம் போனார். அவன் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பழைய கார் ஒன்றின் இன்ஜெக்டரையும், ஒரு மின்சாரப் பம்பையும், எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோலை அளந்து பீய்ச்சச் சொல்லும் கம்ப்யூட்டர் பெட்டியையும் பொருத்தினான்.

"பெட்டிக்குள்ள என்ன மாப்ள இருக்கு?"

"சர்க்யூட்டுண்ணே."

"தொறந்து காட்டு."

"தொறந்தா செத்துப்போகும்ணே."

"எதையோ மறைக்கிற நீ."

வாடை நின்றது. சாவியைத் தொட்டதும் வண்டி உறுமியது. அதுவே அவருக்கு உறுத்தியது. பட்டறையில் கிடந்தபோது பெட்ரோலை உறிஞ்சியிருப்பார்கள் என்று தோன்றவே, பார் சோப்பைப் பிசைந்து டேங்க் மூடி முழுக்க அப்பி, மேலே கட்டைவிரலை அழுத்தினார். ரேகை கலையாதவரை பெட்ரோல் பத்திரம்.

அதற்குப் பிறகு வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் போனால் கிளம்பும், மறுபடி நிற்கும். மூட்டைக்குள்ளேயே பூ விரிந்தது. இரண்டு தோட்டக்காரர்கள் விலகினார்கள். பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. "பெட்டியில பூட்டு வச்சிருக்கான். நாம அவன் கால்ல விழணுமாம்!" என்று சந்தை முழுக்கச் சொன்னார். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக நஜீமிடம் போவதை நிறுத்தினார்கள். அப்படித்தான் பட்டறை காலியானது.

அவன் போன பிறகும் வண்டி நின்றது. "கோயம்புத்தூர்ல இருந்தே பட்டன அமுக்குறான் பாரு!" என்றார்.

மாசியில் ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். செக்கானூரணி அருகே வண்டி நின்றது. ரோட்டில் போன நாலைந்து பேரைக் கூட்டி, தள்ளிக்கொண்டு பக்கத்துப் பெட்ரோல் பங்க்குக்குள் போனோம். அங்கே பெட்ரோல் போடும் முனியாயி அக்கா சோப்பைச் சுரண்டி மூடியைத் திருகியதும், உஸ்ஸென்று நீளமாகக் காற்று உள்ளே போனது.

"என்னண்ணே, டேங்கு மூச்ச இழுக்குது! எந்தத் திருடனுக்குப் பயந்து இம்புட்டு சோப்பு?"

வண்டி உடனே கிளம்பியது. சோப்பு இல்லாமலே மாட்டுத்தாவணிவரை நிற்காமல் ஓடியது. பெரியப்பா அதையும் நம்பவில்லை. மறுநாள் வேண்டுமென்றே சோப்பு அப்பிக்கொண்டு போனார். செக்கானூரணி தாண்டுமுன் நின்றது. மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பம்பு இழுக்கும். அதை அடைத்தது அவர் கைதான்.

அன்று சாயங்காலம் என்னிடம் போனை நீட்டினார்.

"தப்பு என் மேலதான்னு எழுது. அண்ணன் மன்னிப்புக் கேக்குறேன், திரும்பி வா தம்பின்னு போடு."

"நீங்களே பேசி அனுப்புங்களேன் பெரியப்பா, குரலாவே போகும்."

"வேணாம்த்தா. எவன்கிட்டயாச்சும் போட்டுக் காட்டுவான்."

எழுதி அனுப்பினேன். நஜீம் படித்துவிட்டான் என்று போன் காட்டியது, பதில் இல்லை. பழங்காநத்தம் வழியாகப் போகும்போதெல்லாம் பூட்டிய பட்டறை முன்னால் பெரியப்பா வண்டியை மெதுவாக்குவார். சித்திரைத் திருவிழா போய், ஆடியும் போய், புரட்டாசியில் வந்தது பதில்:

"அண்ணே, அந்த மன்னிப்ப எழுதுனது நீங்களா, உங்க தம்பி மகளா? நீங்க என்னைக்கு என்னையத் தம்பின்னு கூப்புட்டிக? சந்தையில நாலு பேரு முன்னாடி என்னையப் பத்திப் பேசுன வாயாலயே சொல்லி அனுப்புங்க. கேட்டுட்டு, வாரதா வேணாமான்னு சொல்றேன்."